சேமிக்காத அழைப்பிதழ்

என் கணினியை என்னைக் கேட்காமல் அணைத்தவர்கள் நீங்கள்தான், அதை இயக்கும் மென்பொருளைச் செய்து விற்பவர்களே. அப்டேட் வந்தால் கணினி தானாக மறுபடி தொடங்கக் கூடாது என்று நானே மாற்றி வைத்திருந்தேன். உங்கள் முந்தைய அப்டேட் ஒரு வார்த்தை சொல்லாமல் அதைப் பழையபடி ஆக்கிவிட்டது.

லிட்டில் இந்தியாவில் கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கும் கடை என்னுடையது. அன்று செம்பவாங்கிலிருந்து வந்த மணப்பெண்ணின் அம்மா சொல்லச் சொல்ல, உறவினர் பெயர்களையெல்லாம் தட்டச்சு செய்து முடித்தேன். சேமிக்கப் போனபோது கையைப் பிடிக்காத குறையாகத் தடுத்தார்.

"ராகு காலம் தொடங்கிருச்சுலா, அண்ணே. முடியட்டும், அப்புறம் சேவ் பண்ணுங்க."

"சேவ் பண்றதுக்குமா நல்ல நேரம் பாப்பீங்க?"

"என் மக கல்யாணம்ணே, வெளையாடாதீங்க."

சரி என்று இருவரும் டீ குடிக்கப் போனோம். திரும்பி வந்தால், அப்டேட் முடிந்து கணினி புதிதாகத் தொடங்கிக்கொண்டிருந்தது. பத்திரிகை போய்விட்டது.

மறுபடி தட்டச்சு செய்ய எனக்கு ஒரு மணி நேரம் போதும். அந்த அம்மாவோ, "சகுனம் சரியில்ல, தேதியத் தள்ளி வைக்கணும்" என்று அழுதுகொண்டே எழுந்து போனார். நான் எவ்வளவு சொல்லியும் நம்பவில்லை. இனி நீங்கள்தான் சொல்ல வேண்டும். அது சகுனம் இல்லை, உங்கள் வேலை என்று ஊரறியப் பதில் எழுதுங்கள்.