மேனேஜரின் மாத்திரை வேளை

அந்தக் கால்நடை மருத்துவர் இருபத்திரண்டு வருடங்களாக ஒரே கேள்வியைக் கேட்டுவருகிறார்: "என்ன சாப்பிடக் கொடுக்கிறீங்க?" கிடைக்கும் பதிலும் ஒன்றே: "ஒண்ணுமே சாப்பிடறதில்லை டாக்டர்." பதில் சொல்பவரின் காலடியில், ஒன்றுமே சாப்பிடாமல் நாற்பது கிலோவை எட்டிய ஜீவன் மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும்.

பிராணிகளோடு அவருக்குத் தகராறு கிடையாது. கடித்தவை உண்டு, பிறாண்டியவை உண்டு. பொய் சொன்னது ஒன்றுகூட இல்லை. தகராறெல்லாம் கயிற்றின் மறுமுனையோடுதான். சாக்லேட், திராட்சை, வெங்காயம் கூடாது என்று கொட்டை எழுத்தில் சுவரில் ஒட்டியிருக்கிறார். அதன் அடியிலேயே நின்றுகொண்டு ஒருவர் கேட்டார்: "திராட்சை ஒண்ணே ஒண்ணுன்னா?" ஊருக்கெல்லாம் வேளாவேளைக்கு அளந்து போடச் சொல்லும் இவருடைய மதிய உணவு, மேஜை இழுப்பறையில் இருக்கும் நாலு பிஸ்கட். அதையும் நின்றுகொண்டுதான்.

அதனால்தான் ஓய்வுபெற்ற ரயில்வே கார்டு ஒருவர் தன் நாயோடு வந்து, போடுவதையெல்லாம் எழுதிக் காட்டுகிறேன் என்றபோது, கடைசியில் ஒரு உண்மை விளம்பி கிடைத்துவிட்டார் என்று டாக்டர் சந்தோஷப்பட்டார். நாயின் பெயர் மேனேஜர். எந்த வேலையும் செய்யாமல் வாசலில் படுத்து, யார் எத்தனை மணிக்கு வருகிறார்கள் என்று பார்ப்பதால் மருமகள் வைத்த பெயர். பின்னங்கால் முட்டியில் தசைநார் அறுந்திருந்தது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரும் அறுவை நிபுணர் பார்த்துவிட்டு, "முப்பத்தாறு கிலோவுக்குக் கொண்டுவாங்க, அப்புறம் கத்தியை எடுக்கிறேன்" என்று சொல்லிவிட்டார். மேனேஜரின் எடை நாற்பத்தொன்று. இந்தப் பாரத்தைத் தாங்கித் தாங்கி மற்றக் காலும் அறுந்தால், பிறகு எழுந்து நிற்கவே முடியாது.

கார்டு ஒரு நோட்டுப் போட்டார். தேதி, நேரம், எத்தனை கிராம், கையெழுத்து. சாட்சியாக மருமகளின் கையெழுத்தும். ஆறு வாரம் கழித்து மேனேஜர் நாற்பத்தொன்றரை. பன்னிரண்டு வாரம் கழித்து நாற்பத்திரண்டு.

"எடை மெஷின்ல கோளாறா இருக்கும்" என்று கம்பவுண்டர் அக்கா தானே ஏறிப் பார்த்தார். இறங்கி, "மெஷின் சரியாத்தான் இருக்கு" என்று முனகிக்கொண்டு உள்ளே போனார். ரத்தப் பரிசோதனையில் தைராய்டும் சரியாக இருந்தது.

"வீட்டுல வேற யாராவது கொடுக்கறாங்களா சார்?" டாக்டரின் குரலில் பல்லைக் கடிப்பது கேட்டது.

"நானா கொடுக்கறேன்?" என்றாள் மருமகள். "மாமா உத்தரவு டாக்டர், நான் என் தட்டைத் தூக்கிட்டு மொட்டை மாடிக்குப் போய்ச் சாப்பிடறேன். மழைக்குக் குடையோட."

"நோட்டுல எல்லாம் இருக்கு" என்றார் கார்டு. ஒரு கிராமுக்குக்கூடப் பழி ஏற்கத் தயாராயில்லாத குரல்.

"அப்போ காத்தைக் குடிச்சா வெயிட் போடுது?"

"அதை நீங்கதான் சொல்லணும், டாக்டர்."

மருமகள் நாயின் தலையைத் தடவினாள். "பகல் முழுக்க நொண்டும். மாத்திரை வேளைன்னா மட்டும் என்னமா ஓடி வருது!"

டாக்டரின் பேனா நின்றது. "மாத்திரைக்கா ஓடி வருது?"

"மூணு துண்டு சீஸ் உண்டே" என்றார் கார்டு, இதிலென்ன ரகசியம் என்பதுபோல. "முதல் துண்டு சும்மா, நம்பிக்கை வர்றதுக்கு. ரெண்டாவதுக்குள்ள மாத்திரை. மூணாவது, முழுங்கினதுக்கு மரியாதை."

"ஒரு மாத்திரைக்கு மூணு துண்டு. தினமும் ஆறு மாத்திரை. பதினெட்டுத் துண்டு! இதை ஏன் சார் எழுதலை?"

"நீங்க எழுதச் சொன்னது சாப்பாட்டை. இது மருந்து. மருந்துக்குத்தான் உங்க சீட்டு இருக்கே."

டாக்டர் சீட்டை வாங்கிப் பார்த்தார். வலிக்குக் காலை, மாலை ஒவ்வொன்று. மூட்டுக்கு ஒன்று, ஈரலுக்கு ஒன்று, ரோமத்துக்கு ஒன்று. ஆறாவது, எடை குறையவில்லையே என்று போன தடவை அவரே சேர்த்தது. எல்லாம் அவர் கையெழுத்து, அழகான கையெழுத்து வேறு. யாரைத் திட்டுவதென்று தெரியாமல் நாயைப் பார்த்தார். அது வாலை ஆட்டியது.

"மாத்திரை கொடுக்க சீஸே வேண்டாம், பாருங்க" என்று டாக்டர் நாயின் வாயைத் திறந்து, அடிநாக்கில் வைத்து, மூடி, தொண்டையைத் தடவினார். மேனேஜர் முழு ஒத்துழைப்புக் கொடுத்தது. கையை எடுத்ததும் மாத்திரையை அவர் செருப்பின் மேல் வைத்தது. மூன்று தடவை.

"ஃப்ரிட்ஜ்ல சீஸ் இருக்கு டாக்டர், எடுத்துட்டு வரட்டா?" என்றார் கம்பவுண்டர் அக்கா.

"இங்க எதுக்கு சீஸ்?"

"பின்னே, இத்தனை வருஷமா எல்லா நாய்க்கும் எதுல வச்சுக் கொடுக்கிறேன்?"

டாக்டர் சீட்டில் நாலு வரியை அடித்தார். மிச்சமிருந்த வலி மாத்திரை இரண்டையும் வேகவைத்த பூசணித் துண்டில் வைக்கச் சொன்னார், மாத்திரைக்கு ஒன்றே ஒன்று.

"பூசணியை எழுதணுமா?"

"எழுதுங்க. வாய்க்குள்ள எது போனாலும் எழுதுங்க!"

கார்டு எழுந்திருக்கவில்லை. "நிபுணர் வர்ற இந்தத் தடவை ஆபரேஷன் இல்லை, அப்படித்தானே? அடுத்த தடவைக்குள்ள இன்னொரு காலும் போயிட்டா?" முதல்முறையாக அவர் குரலில் நோட்டின் கறார் இல்லை.

"போகாம பார்த்துக்கணும் சார். படி ஏற விடாதீங்க."

அவர்கள் போன பிறகு டாக்டர் நிபுணருக்குப் போன் செய்தார். "ஓனர் ஏமாத்தறாரா?" என்று கேட்டார் நிபுணர்.

"இல்லை. நான்தான் ஊட்டி வளர்த்திருக்கேன்."

அடுத்த மூன்று மாதத்தில் மேனேஜர் வாரம் அரைக் கிலோவாக இறங்கியது. மற்றக் கால் தாங்கியது. முப்பத்தாறேகாலில் நிபுணர் போனால் போகிறதென்று கத்தியை எடுத்தார். ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. கையைக் கழுவிக்கொண்டே, வழக்கமாக எல்லா நாய்க்கும் எழுதும் சீட்டை எழுதி டாக்டரிடம் நீட்டினார்.

வலிக்கு, சீழ் பிடிக்காமலிருக்க, சரி. மூன்றாவது வரியை டாக்டர் இரண்டு தடவை படித்தார். நன்றாகப் பசியெடுக்க, தினமும் மூன்று வேளை.

கார்டு வெளியே நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். டாக்டர் பேனாவை எடுத்து அந்த வரியை அடித்த வேகத்தில் சீட்டு கிழிந்தே போனது.