முயல் கொட்டகையில் ஓர் ஓட்டை

நேற்று ரேஷன் கடை வாசலில் மழையில் நனைந்து கிடந்த சாக்குக் குவியலைத் தாண்டும்போது அந்த நெடி மூக்கில் ஏறியது. உடனே மலைமேல் இருந்த எங்கள் ஊர் மஞ்சூரும், எங்கள் வீட்டுக்குப் பின்னாலிருந்த முயல் கொட்டகையும், அப்பா மேல் அன்று வந்த அதே எரிச்சலும் திரும்பி வந்துவிட்டன. பச்சைத் தேயிலைக்கு விலையே இல்லாமல் போய், ஃபேக்டரி வாரத்தில் இரண்டு நாள் மட்டும் ஓடிய காலம் அது. கறிக்கு முயல் வளர்த்தால் பிழைத்துக்கொள்ளலாம் என்று அப்பா நம்பினார். மார்கழிப் பனி புல்லை வெள்ளையாக்கத் தொடங்கியதும், வீட்டுச் சன்னல் இடுக்குகளில் துணி அடைப்பதைப் போலவே கொட்டகையையும் சந்து பொந்து விடாமல் சாக்கால் மூடித் தைத்தார். உள்ளே மூத்திர நெடியில் கண் எரியும், சாக்கில் ஈரம் சொட்டும், முயல்கள் ஓயாமல் தும்மும், தாய் முயல் தன் நெஞ்சு மயிரைப் பிடுங்கிப் பரப்பிய மெத்தை நனைந்து அதில் குட்டிகள் செத்துக் கிடக்கும். அள்ளிப் போடுவது என் வேலை.

"ஏனுங்க, கொஞ்சம் தொறந்து உடுங்க, மூச்சு முட்டுதுங்க" என்பாள் அம்மா.

"பனியில வெறைச்சுப் போயிரும், நீ சும்மா இரு" என்பார் அப்பா.

அந்தக் குளிர்காலத்தில் ஒரே ஒரு ஈற்றுக் குட்டிகள்தான் பிழைத்தன. கடைசிக் கூண்டருகே எலி கடித்துச் சாக்கில் ஓட்டை விழுந்திருந்தது; அது வழியாகக் காற்று வந்துபோனதில் மயிர் மெத்தை உலர்ந்திருக்க, ஆறு குட்டிகளும் கொழுகொழுவென்று நெளிந்தன. அப்பாவின் கையைப் பிடித்து இழுத்து வந்து காட்டினேன். குட்டிகளைப் பார்த்தார். ஓட்டையைப் பார்த்தார். "இத்தனை குளிர் உள்ள வந்தும் தாங்கிருக்கு பாரு" என்று வியந்துவிட்டு, கோணி ஊசியை எடுத்து வரச் சொன்னார்.