ராயின் ஒன்பதாவது அணியைப் பார்க்கப் போனோம்

1988, மாசி மாதத்துச் சனிக்கிழமை. பிற்பகல் மூன்று மணிக்கு, நாங்கள் இருந்த டேனிஷ் ஊரான கிரின்ஸ்டெட்டிலிருந்து புறப்பட்டோம். எஸ்பியர்க் அங்கிருந்து ஐம்பத்தைந்து கிலோமீற்றர். பஸ்ஸை நம்பினால் ஆட்டம் முடிந்த பிறகுதான் போய்ச் சேரலாம். அதனால் ராசண்ணையின் பழைய காரில் மூன்று பேர்: ஓட்டுவதற்கு ராசண்ணை, முன்சீற்றில் மன்னார் மரியதாஸ், பின்னுக்கு மடியில் வடைப் பொதியோடு நான். மூவருக்கும் ஒரே தொழிற்சாலையில் வேலை. ஐஸ் ஹொக்கியை ஒருவரும் கண்ணால் கண்டதில்லை.

போனது ராய்க்காக. ராய் கனடாக்காரன். பகலில் எங்களோடு பெட்டி அடுக்குவான், பின்னேரம் எஸ்பியர்க்கில் சம்பளத்துக்கு ஹொக்கி ஆடுவான். வயது முப்பத்துநான்கு, இது ஒன்பதாவது அணி. எந்த ஊரும் அவனை ஒரு பருவத்துக்கு மேல் வைத்திருந்ததில்லை. அவனுக்கு டேனிஷ் வராது, எனக்கும் அரைகுறை. யாழ்ப்பாணத்தில் கிளாக்கராக இருந்த காலத்து ஆங்கிலத்தை அவனிடம்தான் செலவழித்துக்கொண்டிருந்தேன். அவன் மனைவி கனடாவில், என்னவள் சாவகச்சேரியில். அவளைக் கூப்பிட நான் போட்ட விண்ணப்பம் கொப்பன்ஹேகனில் ஏதோ ஒரு மேசையில் அசையாமல் கிடந்தது. அவனுடைய விஷயம் கொஞ்சம் இலகு. அணி ஒப்பந்தத்தை நீட்டினால் மனைவி இங்கே வருவாள், நீட்டாவிட்டால் அவன் வேறு ஊருக்குப் பெட்டியைத் தூக்கவேண்டும். அன்று பருவத்தின் கடைசி ஆட்டம். முடிந்ததும் முடிவு சொல்கிறோம் என்று அணிக்காரர் சொல்லியிருந்தார்கள்.

3:40. வழியில் வார்டேயில் பெற்றோல் அடித்தோம். வயலெல்லாம் பழைய பனி. ஆட்டத்தில் எத்தனை பேர் என்று மரியதாஸ் கேட்டான். எனக்குத் தெரியாது என்று சொல்ல ரோசம் விடவில்லை. பதினொரு பேர் என்றேன். பிறகு எண்ணிப் பார்த்தால் ஆறு பேர்.

4:20. மண்டப வாசல். இந்த நாட்டில் எங்கே போனாலும் வெளியே விறைப்பு, உள்ளே சூடு. இரண்டு வருடத்தில் நாங்கள் படித்த ஒரே பாடம் அது. ராசண்ணை கோட்டைக் கழற்றி சீற்றில் எறிந்தார்.

"உள்ளுக்கை ஹீற்றர் இருக்குமப்பா. கோட்டோடை போய் வேர்த்துச் சாகப் போறியளே?"

நாங்களும் கழற்றினோம். அவர் பூட்டுப் பொத்தானை அமத்திக் கதவைச் சாத்தினார். முப்பது குரோனர் ரிக்கெற் எடுத்து உள்ளே போனால், வெளியே இருந்த குளிர் உள்ளேயும் உட்கார்ந்திருக்கிறது. ஐஸ் உருகாமல் இருக்கவேண்டுமென்றால் மண்டபம் வேறு எப்படி இருக்கும்? மூன்று மண்டைக்கும் இது எட்டவில்லை. சுற்றிவரத் தொப்பியும் கம்பளியுமாக டேனிஷ்காரர், நடுவில் மெல்லிய சேர்ட்டோடு நாங்கள்.

"அண்ணை, திறப்பைத் தாங்கோ, கோட்டை எடுத்துக்கொண்டு வாறன்," என்றான் மரியதாஸ்.

ராசண்ணை காற்சட்டைப் பையைத் தடவினார். முகம் மாறியது.

"திறப்பு கோட்டுக்கையெல்லோ கிடக்கு."

"கோட்?"

"காருக்கை."

பயிற்சிக்காகச் சுற்றிக்கொண்டிருந்த ராய் எங்களைக் கண்டுவிட்டான். வேலியருகே வந்து, பல் கிடுகிடுக்க நான் சொன்ன கதையைக் கேட்டு, விழுந்துவிடுவான் போலச் சிரித்தான். உடுப்பறைக்காரனிடம் சொல்லித் தன் கார்த் திறப்பை எனக்குக் கொடுப்பித்தான். அவனுடைய டிக்கிக்குள் ஒரு பெரிய பை. அதற்குள் பழைய ஆட்டச் சட்டைகள், முன்பு ஆடிய அணிக்கு ஒன்றாக எட்டு. ஆளுக்கு இரண்டு மூன்றாக மாட்டினோம். எனக்கு மேலே ஸ்கொட்லாந்துப் பச்சை, உள்ளே பின்லாந்து நீலம். ராசண்ணைக்கு ஜெர்மன் மஞ்சள். ஒவ்வொன்றிலும் வேறு வேறு இலக்கம். போன இடத்தில் மிஞ்சிக் கிடந்ததைத்தான் அவனுக்குக் கொடுத்திருக்கிறார்கள். ஒரு மனிதனின் எட்டு வருட உழைப்பைப் போட்டுக்கொண்டு வடை சாப்பிட எனக்கு ஒருமாதிரி இருந்தது.

5:00. ஆட்டம். முதல் பாகம் முழுக்க, பந்துக்குப் பதிலாக அவர்கள் அடிக்கும் கறுப்புத் தட்டே எனக்குத் தெரியவில்லை. ராய் பின்வரிசைக்காரன், கோல் போடுவது அவன் வேலை அல்ல. வருகிறவனைச் சுவரோடு சாத்துவான், தானும் அடி வாங்குவான். கடைசியான மூன்றாவது பாகம் முடிய இரண்டு நிமிடம் இருக்கும்போது மூன்றுக்கு மூன்று. எதிரணிக்காரன் ஓங்கி அடித்தான். ராய் குறுக்கே விழுந்து விலாவில் வாங்கினான். சத்தம் எங்களுக்கே கேட்டது.

"ஐயோ, உவன் முடிஞ்சான்," என்றார் ராசண்ணை.

முடியவில்லை. உடம்பில் பட்ட தட்டு முன்னுக்கு ஓடியது. அவன் எழுந்து அதன் பின்னால் ஓடினான். வேகமானவன் அல்ல, ஒரு பக்கம் சரிந்தபடிதான் போனான். இரண்டு பேர் துரத்தினார்கள். நான் தமிழில் கத்தினேன், என்ன கத்தினேன் என்று தெரியாது. எட்டிப் பிடிக்கமுதல் அடித்துவிட்டான். வலை ஆடியது. மரியதாஸ் பக்கத்திலிருந்த முன்பின் தெரியாத டேனிஷ்காரரைக் கட்டிப்பிடித்தான், அவரும் பிடித்தார். எனக்குக் கண்ணீர் வந்தது, வெட்கப்படவில்லை.

7:15. அணிக்காரர் ஒருவர் கம்பியால் எங்கள் காரைத் திறந்துகொண்டிருந்தார். ராய் ஈரத் தலையோடு, விலாவைப் பிடித்தபடி வந்தான்.

"இரண்டு வருடம்," என்றான். "எனக்கு யாரும் இரண்டு தந்ததே இல்லை."

மண்டப வாசல் தொலைபேசியில் மனைவியிடமும் அதையே மூன்று தடவை சொன்னான். எனக்குப் பொறாமை இல்லை என்றால் பொய். ஆனாலும் திரும்பும் வழியெல்லாம் நான்தான் உரக்கப் பாடினேன்.

திங்கட்கிழமை வேலை முடிய ராய் என்னைக் கிரின்ஸ்டெட் தளபாடக் கடைக்கு இழுத்துப் போனான். இந்த ஒன்பது வருடத்தில் அவன் ஒரு கதிரைகூட வாங்கியதில்லையாம். இருவர் படுக்கும் கட்டில் ஒன்றைத் தட்டிப் பார்த்தான். எத்தனை வேண்டும் என்றார் கடைக்காரர். ராய் என்னைப் பார்த்தான். நான் இரண்டு என்றேன்.

என்னுடையதை மாடிப்படியில் நாங்கள் திருப்பித் திருப்பி ஏற்ற, வீட்டுக்காரி கதவைத் திறந்து யார் வருகிறார்கள் என்று கேட்டாள்.

"மனைவி," என்றேன்.

"எப்போது?"

"கட்டிலை முதலில் உள்ளே எடுப்போம்," என்றேன்.