திமில் முளைத்த கார்

முதலாளியின் காண்டஸா காருக்குத் திமில் முளைத்தது நான் ஐந்தாம் வகுப்பு படித்த வருஷம். கோயம்புத்தூரில் என்ஜினீயரிங் படித்துக்கொண்டிருந்த முதலாளியின் மகன் ஓணத்துக்கு லீவு போட்டு வந்தபோது, பெட்டி நிறைய வெளிநாட்டுக் கார்ப் பத்திரிகைகளைக் கொண்டுவந்திருந்தார். அந்தக் கார்களின் பானெட் மேல், இன்ஜினுக்குக் காற்று பிடித்துக் கொடுப்பதற்காக, முன்பக்கம் வாய் திறந்த ஒரு தகரக் கூடு புடைத்துக்கொண்டு நின்றது. அதற்கு ஸ்கூப் என்று பெயர். நம்முடைய காரின் முன்புறமும் அவற்றைப் போலவே நீளமாகத்தானே இருக்கிறது, ஒரு ஸ்கூப் மட்டும்தான் குறை என்று அவருக்குத் தோன்றிவிட்டது. அது பொருத்தப்பட்டு வந்த அன்று அம்மா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்து, "காளைமாட்டுத் திமிலு மாதிரில்லா இருக்கு" என்றாள். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் ஸ்கூப் என்று யாரும் சொல்லவில்லை.

அப்பா அந்தக் காரின் டிரைவர். முதலாளிக்குச் சாலைக் கடைத்தெருவில் அரிசி மொத்த வியாபாரம். வீடு கரமனை ஆற்றங்கரைப் பக்கம். கார் ஷெட்டுக்குப் பின்னால் இரண்டு அறைகள் டிரைவருக்கு உண்டு. அதில்தான் இருந்தோம். வேலை போனால் அறைகளும் போகும், அறைகள் போனால் நாகர்கோவிலுக்குத் தெற்கே எங்கள் ஊருக்குத் திரும்ப வேண்டும், அங்கே என் பெரியப்பா பிள்ளைகளைப் போல நானும் செங்கல் சூளைக்குப் போக வேண்டும். இதை அம்மா நான் வீட்டுப்பாடம் எழுதாத நாட்களிலெல்லாம் வரிசை மாறாமல் சொல்வாள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அதைச் சொல்லிக்கொள்ள அப்போதும் தயங்கியதில்லை, இப்போதும் தயங்குவதில்லை.

திமிலைச் செய்தது என் தாய்மாமா. கரமனைப் பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு பட்டறையில் அவருக்கு டிங்கர் வேலை. அடிபட்டு நசுங்கிய கார்களின் தகரத்தைத் தட்டி நேராக்குவதுதான் தொழில். பத்திரிகைப் படத்தை மட்டும் பார்த்து, ஒரு பழைய டிரம்மின் தகரத்தை வெட்டி வளைத்து, ஒரு சாண் உயரத்துக்கு அதைச் செய்துவிட்டார். பானெட்டில் காற்றுக்கான ஓட்டை எதுவும் போடவில்லை. ஸ்க்ரூவுக்கு ஓட்டை போட்டு மேலே உட்காரவைத்ததோடு சரி. ஓட்டை போட்டால் இந்த ஊர் மழைக்கு இன்ஜின் குளித்துவிடும் என்றார். சின்ன முதலாளிக்கும் தோற்றம்தான் வேண்டியிருந்தது. மாமா ஒரு வாரம் தரையில் கால் பாவாமல் நடந்தார்.

அப்பா உயரம் குறைந்தவர். சீட்டில் இலவம்பஞ்சுத் தலையணை ஒன்றைப் போட்டுத்தான் உட்காருவார். சின்ன முதலாளி விளையாட்டாக, "டிரைவரண்ணனுக்கு ஒரு ஸ்டூல் வாங்கணும்" என்று சொல்லியிருந்தது அவர் மனதில் கிடந்தது. திமில் வந்த சில வாரங்களில் கிழக்கேகோட்டை பஸ் ஸ்டாண்டு அருகே ஒரு வாழைப்பழத் தள்ளுவண்டியைக் கார் உரசியது. பின்சீட்டில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த முதலாளி தலை நிமிர்ந்தார். பல வருஷங்களில் அவர் காருக்குள் தலை நிமிர்ந்தது அதுதான் முதல் தடவை என்று அப்பா சொன்னார்.

அன்று சாயங்காலம் மாமா வந்திருந்தார்.

"எனக்கு இடதுபக்கம் ஒண்ணும் தெரியல்ல மாப்ள. உன் திமிலு மறைக்கு."

"மொதலாளிட்ட சொல்லும் அத்தான்."

"சொன்னா? திமில மாத்துவாவளா, டிரைவர மாத்துவாவளா?"

 அம்மாதான் வழி சொன்னாள். "பாவாட நீளமா இருந்தா அடியில மடிச்சுத் தைக்கோம்லா? அதுமாதிரி கொஞ்சம் வெட்டி எடேன்டே. யாரு அளந்து பாக்கப் போறா?"

"என் வேலைய நானே வெட்டணுமாக்கும்? கோபுரத்த இடிக்கச் சொல்லுகியேளே."

"ஆமா, பெரிய கோபுரம். ரெண்டு காக்கா உக்காந்தா எடம் பத்தாது."

ஸ்க்ரூ ஓட்டைகளில் மழைத்தண்ணீர் இறங்குகிறது, துருப் பிடிக்கும் என்று முதலாளியிடம் காரணம் சொல்லி, அப்பா காரைப் பட்டறைக்குக் கொண்டுபோனார். மாமா திமிலைக் கழற்றி அடிப்பக்கத்தில் இரண்டு விரற்கடை வெட்டி, விளிம்பைத் திரும்ப மடக்கி, மீண்டும் உட்காரவைத்தார். வெட்டியதும் அளவு மாறியதால் பழைய ஓட்டைகள் பொருந்தவில்லை. அவற்றை அடைத்துப் பட்டி பூசி, புது ஓட்டை போட்டு, கறுப்புப் பெயிண்ட் அடித்தார். காரைப் பார்த்த முதலாளி, "துரு போச்சாடே?" என்று மட்டும் கேட்டார்.

கிறிஸ்துமஸ் சமயத்தில் சின்ன முதலாளி வந்தார். காரைச் சுற்றி இரண்டுமுறை நடந்தார். ஷெட் வாசலில் அப்பா துணியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். நான் அவர் பின்னால் நின்றேன்.

"இது கொறச்சு செறுதாயிப் போச்சோ?" என்றார், மலையாளம் கலந்த தமிழில்.

"இல்ல தம்பி. நீங்க வளந்திட்டீங்க."

அவர் பக்கத்துக் கண்ணாடியில் குனிந்து தன் முகத்தைப் பார்த்துக்கொண்டார். பிறகு நிமிர்ந்து தோளை விரித்தார். அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை. கல்லூரிக்குத் திரும்பும்வரை வீட்டு நிலைப்படிகளிலெல்லாம் கொஞ்சம் குனிந்தே போனார் என்று அம்மா சொன்னாள்.

ஆனால் அப்பாவுக்கு இடதுபக்கம் இன்னும் தெரியவில்லை. ஜனவரியில் வீட்டு கேட்டுத் தூணில் காரின் இடது கன்னம் உரசியது. மாமா இரவோடு இரவாக அல்ல, பட்டப்பகலில், முதலாளி தூங்கும் நேரத்தில் வந்து கீறலை மறைத்துவிட்டுப் போனார். திமிலில் இன்னொரு விரற்கடை குறைந்தது. அப்பாவின் முகம் மட்டும் தெளியவில்லை.

அந்தச் சமயத்தில்தான் பள்ளிக்கூடத்தில் ஒளி நேர்க்கோட்டில் செல்லும் என்று சொல்லிக்கொடுத்தார்கள். வரிசையாக நிறுத்திய மூன்று அட்டைகளில் ஓட்டை போட்டு, டீச்சர் மெழுகுவர்த்தியைக் காட்டினார். எங்கள் வீட்டுப் பிரச்சினைக்கு விடை என்னிடம் வந்துவிட்டது என்று எனக்குத் தோன்றியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவின் பூ கட்டும் நூல்கண்டை எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போனேன். அப்பாவை டிரைவர் சீட்டில் உட்காரவைத்தேன். முன்கண்ணாடியை மாமா முந்தின நாள்தான் ரப்பர் மாற்றுவதற்காகக் கழற்றியிருந்தார், அதனால் நூலுக்குத் தடை இல்லை. நூலின் ஒரு முனையை அப்பா இரண்டு கண்களுக்கும் நடுவில் பிடித்துக்கொள்ள வேண்டும். நான் மறுமுனையைத் திமிலின் உச்சியைத் தொட்டபடி முற்றம்வரை இழுத்துப்போனேன். நூல் தரையைத் தொட்ட இடத்தில் ஒரு கோடு போட்டேன். கோட்டுக்கு அப்பால் இருப்பதெல்லாம் அப்பாவுக்குத் தெரிந்தே ஆக வேண்டும். கோட்டுக்கு நன்றாகவே அப்பால் ஒரு தேங்காய்ச் சிரட்டையை வைத்தேன்.

"அப்பா, சிரட்ட தெரியுதா?"

"எங்க மக்கா?"

"கோட்டுக்கு அங்க."

"தெரியல்லியே."

"நல்லா நிமிந்து இருங்க!"

நிமிர்ந்தார். தெரியவில்லை என்றார். இன்னொரு தலையணை கொண்டுவந்து போட்டேன். அப்போதும் தெரியவில்லை. என் கணக்கில் எனக்குத் துளியும் சந்தேகம் இல்லை. ஆகவே அப்பாவின் மேல்தான் சந்தேகம் வந்தது. கழுத்தைச் சரியாகப் பிடிக்கவில்லை, சீட்டின் ஸ்பிரிங் அமுங்கிவிட்டது, நூலைப் பிடிக்கும்போது கை கீழே இறங்கிவிடுகிறது என்று ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்துச் சொன்னேன். அப்பா எதையும் மறுக்கவில்லை.

கண்ணாடியைத் திரும்பப் பொருத்த வந்த மாமா கொஞ்ச நேரம் இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "எறங்கும் அத்தான், நான் பாக்கேன்" என்று தலையணைகளை எடுத்துப் பின்சீட்டில் போட்டுவிட்டு ஏறி உட்கார்ந்தார். மாமா அப்பாவைவிட நாலு விரல் குள்ளம்.

"சிரட்ட நல்லா தெரியுதே. மேல எறும்புகூட" என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திவிட்டார். கதவருகே நின்ற அப்பாவைப் பார்த்தார். அப்பா முற்றத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார், சிரட்டை இருந்த இடத்தை அல்ல, அதற்கு ஒரு முழம் வலது பக்கம்.

"இல்ல, அத்தான் சொல்லது சரிதான்" என்றார் மாமா. "கொஞ்சம் மறைக்கு. இன்னும் ஒரு வெரக்கட எடுக்கணும்."

"மாமா! இப்பத்தானே தெரியுதுன்னு சொன்னீங்க!"

"நீ போயிப் படி பிள்ள. பெரிய கணக்கு வாத்தியாரு."

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஐந்தாம் வகுப்புப் பாடத்தை ஒரு டிங்கர் பொய் ஆக்குகிறாரே என்று இருந்தது. அப்பாவுக்குச் சர்க்கரை நோய் கண்ணுக்கு இறங்கியிருந்ததை டாக்டர் சொல்லி நாங்கள் அறிந்துகொள்ள இன்னும் சில மாதங்கள் இருந்தன. மாமாவுக்கு அது அன்றைக்கே, அந்தச் சீட்டில் உட்கார்ந்தவுடன் தெரிந்துவிட்டது. அப்பாவுக்கு அதற்கும் முன்பே தெரிந்திருக்கும். தெரிந்தும் இருவரும் திமிலையே வெட்டிக்கொண்டிருந்தார்கள்.

கோடை விடுமுறைக்குச் சின்ன முதலாளி மூன்று கல்லூரி நண்பர்களோடு வந்து இறங்கியபோது மேலும் பலமுறை வெட்டுப்பட்டு, திமில் கவிழ்த்து வைத்த தட்டின் உயரத்துக்கு வந்திருந்தது. நண்பர்கள் காரைச் சுற்றி நின்று சிரித்தார்கள். "டேய், இது ஸ்கூப்பா? கார் தலையில யாரோ தோசை சுட்டு வச்சிருக்காங்கடா!" ஒருவர் பானெட்டைத் தூக்கிப் பார்த்து, அடியில் ஓட்டையே இல்லாததைக் கண்டுபிடித்ததும் சிரிப்பு இரண்டு மடங்கானது. "காத்து மனு போட்டுட்டுத்தான் உள்ள போகணும்போல."

சின்ன முதலாளியின் காது சிவந்தது. அப்பாவைக் கூப்பிட்டார். "டிரைவரண்ணே, இத இன்னைக்கே எடுத்துக் களையணும். பானெட்டு பழையபடி ஆகணும். நாளன்னைக்குக் கல்லாறு வழி பொன்முடி போறோம்."

நான் பின்பக்கம் ஓடி அம்மாவிடம் சொன்னேன். எத்தனை மாதங்கள் அரையும் முக்காலுமாகப் பாடுபட்ட காரியம், கேட்காமலே முழுதாக நடந்துவிட்டது. கல்லாற்றுக்கு என்னையும் முன்சீட்டில் கூட்டிப்போவதாக அப்பா முன்பே சொல்லியிருந்தார். அதனால் எனக்கு இரட்டைச் சந்தோஷம். அப்பா வந்து வாசற்படியில் உட்கார்ந்தார். காபி கொடுத்தாள் அம்மா. அது ஆறும்வரை கையிலேயே வைத்திருந்தார்.

பட்டறைக்கு நானும் போனேன். மாமா ஸ்க்ரூக்களைக் கழற்றத் தொடங்கினார். அப்பா பக்கத்தில் குந்தியிருந்தார்.

"வேல முடிய ஒரு வாரம் ஆவும்னு சொல்லேன் மாப்ள."

"சொல்லலாம். ஒரு வாரம் கழிஞ்சு அத்தான்?"

அப்பா கழற்றிய ஸ்க்ரூ ஒன்றை எடுத்து விரல்களுக்கிடையே உருட்டிக்கொண்டிருந்தார்.  பானெட்டில் புதியதும் பழையதுமாக ஓட்டைகளின் தடங்கள் வரிசை வரிசையாக இருந்தன. மாமா ஒவ்வொன்றையும் உலோகம் உருக்கி அடைத்தார், பட்டி பூசினார், காய்ந்ததும் தண்ணீர் விட்டுத் தேய்த்தார். மறுநாள் மாலை பெயிண்ட் அடித்து முடித்தபோது அங்கே எதுவும் இருந்ததே இல்லை என்பதுபோல் பானெட் சமமாகப் பளபளத்தது. எனக்கு அதில் என் முகம் தெரிந்தது.

மூன்றாம் நாள் காலையில் நண்பர்கள் பைகளை டிக்கியில் வைத்துக்கொண்டிருந்தார்கள். நான் தலைபின்னி, பூ வைத்து, காரின் முன்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மாமா என்னத்துக்கு வெள்ளைச் சட்டை போட்டு வந்திருக்கிறார் என்று எனக்குப் புரியவில்லை. அப்பா சாவியோடு சின்ன முதலாளியிடம் போனார்.

"பொன்முடி மலைரோட்டுல வளைவு ஜாஸ்தி தம்பி. இவன் என் மச்சினன். நல்லா ஓட்டுவான்."

"அண்ணனுக்கு என்ன ஆச்சு?"

"எனக்கு ஒண்ணுமில்ல. மகளுக்கு ஒரு சோலி இருக்கு, நான் கூடப் போணும்."

"எனக்கு ஒரு சோலியும் இல்ல!" என்றேன். அப்பாவின் கை என் தோளில் இறுகியது.

வராந்தாவில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த முதலாளி தலை நிமிர்ந்தார். "என்னடே, இன்னைக்கு ஆளு மாறிப் போச்சா?"

அப்பா இரண்டு எட்டு அவர் பக்கமாக நடந்தார். "இனிமே அவனே ஓட்டட்டும் மொதலாளி. நம்ம பயதான். அறையில நாங்க எல்லாம் ஒண்ணா இருந்துக்கிடுவோம்."

முதலாளி அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு "சரி" என்றார். "நீ நாளைக்குக் கடைக்கு வா. அங்க ஆளு வேணும்."

மாமா என் முகத்தைப் பார்க்காமல் காரை எடுத்தார். கேட்டுத் தூண்களுக்கு நடுவே, எதிலும் உரசாமல், கார் ஒரே மூச்சில் வெளியே போனது. என் இடத்தில் கோயம்புத்தூர் நண்பர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். அப்பாவின் வேலையை மாமா தட்டிப் பறித்துவிட்டார் என்றுதான் நான் நினைத்தேன். அந்த வருஷம் முழுக்க மாமாவோடு பேசவில்லை. மாமா அந்தக் காரைப் பல வருஷங்கள் ஓட்டினார். நான் பள்ளிக்கூடம் முடித்ததும், கல்லூரிக்குப் போனதும் அந்த இரண்டு அறைகளில் இருந்துதான். அப்பா அரிசிக் கடையில் வந்திறங்கும் மூட்டைகளை ஒவ்வொன்றாகக் கையால் தட்டி எண்ணிக்கொண்டிருந்தார்.

கார் போன பிறகு அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு கரமனை பஸ் ஸ்டாப்புக்கு வந்தார். கிழக்கேகோட்டையில் ஐஸ்கிரீம் வாங்கித் தருகிறேன் என்றார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ஒரு பஸ் வந்தது. "இது எங்க போறது மக்கா?" என்று கேட்டார். அப்பா பள்ளிக்கூடம் போகாதவர்தான். ஆனால் இந்த ஊர் பஸ் போர்டுகளை முகங்களைப்போல அறிந்து வைத்திருந்தவர். எழுத்துக்கூட்டி நான் படித்து முடிப்பதற்குள் அவர் ஊர்ப் பெயரைச் சொல்லிச் சிரித்திருக்கிறார். இப்போது அவரே கேட்கிறார். என் கோபத்தைத் தணிப்பதற்காக, என் படிப்பை நாலு பேர் கேட்கவைக்கிறார் என்று நினைத்தேன். மலையாள போர்டைப் படித்துச் சொன்னேன். ஸ்டாப்பில் நின்ற ஒரு அம்மா திரும்பிப் பார்த்துச் சிரித்தார். அடுத்த பஸ் வளைவில் திரும்பியபோது, அப்பா வாய் திறக்கும் முன்பே, இன்னும் உரக்கப் படித்தேன்.