ரெங்கம்மாளுக்கு நின்றுவிட்டதா?

குடவாசல் பக்கம் நடவுக்கு ஆள் வேண்டுமென்றால் ரெங்கம்மாள் அக்காவுக்குத்தான் போன் போகும். பதினான்கு பெண்களைச் சேர்த்து வயலில் இறக்குவாள். ஐம்பது வயதில் அவள் நடுகிற வேகத்துக்குச் சின்னப் பெண்களுக்கே மூச்சு வாங்கும். வாய் அதைவிட வேகம்.

நான் அறிவுமதி. பெண்கள் உடல்நல ஆய்வுகளுக்காக ஊர் ஊராகப் போய்ப் படிவம் நிரப்புவது என் வேலை. மாசி மாதம் உளுந்து வயலில் வைத்து, ஒரே நாளில் இரண்டு ஆய்வுகளுக்கு அக்காவிடம் கேட்டேன். மாதவிலக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது என்றாள். முதல் ஆய்வில் ஆறு மாதம் வராவிட்டாலே நின்றுவிட்டதாகக் கணக்கு. இரண்டாவதில் ஒரு வருடம் முழுக்க வரக் கூடாது. அதனால் ஒன்றில் ‘நின்றுவிட்டது’ என்றும் மற்றதில் ‘இன்னும் நிற்கவில்லை’ என்றும் எழுதினேன்.

“ஒரே ஒடம்புக்கு ரெண்டு ஜாதகம் எழுதுற! இதுக்குச் சம்பளம் வேற குடுக்குறாங்களாடி?” என்றாள் அக்கா.

நானும் சிரித்தேன். இரண்டாவது ஆய்வில் மட்டும், படிவத்தில் எழுதியதைக் குறித்து ஒரு சீட்டு தருவார்கள். அதை அவள் கையில் கொடுத்துவிட்டு வந்தேன். ஏன் இரண்டு கணக்கு என்று மேலே யாரிடமும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

ஆடிக் கடைசியில் அக்கா போன் செய்தாள். மறுபடி உதிரம் பட்டிருக்கிறது. பக்கத்து ஊர் கிளினிக்கில் அந்தச் சீட்டைப் பார்த்துவிட்டு, இன்னும் நிற்கவில்லையே, இந்த வயதில் இப்படித்தான் என்று சத்து மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்களாம். மாசியில் எழுதியதை ஆடியிலும் அப்படியே நம்பிவிட்டார்கள் மகராசர்கள்.

“எனக்கு மனசு கேக்கல அறிவு. நீ எழுதுனதுல எது நெசம்?”

“பேப்பரை விடுங்கக்கா. கடைசியா எப்ப வந்துச்சு, அதைச் சொல்லுங்க.”

தேதி அவளுக்குத் தெரியாது. வயல் தெரியும். “போன வருஷம் குறுவை நடவு முடிஞ்ச அன்னைக்கு. இந்த வருஷ நடவும் முடிஞ்சு, இப்ப களையும் எடுத்தாச்சு.”

பதின்மூன்று மாதம். நின்று ஒரு வருடம் கழித்துப் பட்டால் சும்மா விடக் கூடாது என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். மறுநாளே தஞ்சாவூர் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். கர்ப்பப்பையில் புற்றுநோய். ஆரம்பம்தான், எடுத்துவிட்டால் போதும் என்றார்கள். எடுத்துவிட்டார்கள்.

வீடு திரும்பியவளிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். வாயெடுத்ததுமே, “அழுவாதடி. நீ அழுதா காப்பிய யாரு போடுறது?” என்று விரட்டினாள்.

அவளோடு நடவுக்குப் போகும் அகிலாண்டமும் பார்க்க வந்திருந்தாள். அவளுக்கும் அதே மாசியில் நான்தான் படிவம் நிரப்பினேன். காப்பியைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தாள்.

“எனக்கு நின்னு மூணு வருஷம் ஆச்சு,” என்றாள் மெதுவாக. “பங்குனியிலேர்ந்து அப்பப்பப் படுது. அதுக்கு முந்துன மாசந்தானே நீ வந்து எல்லாத்தையும் எழுதிக்கிட்டுப் போன? கோளாறு இருந்தா நீ சொல்லியிருப்பன்னு இருந்துட்டேன்.”

அவள் கையிலிருந்த காப்பியை வாங்கிக் கீழே வைத்தேன். தஞ்சாவூருக்கு அடுத்த பஸ் எத்தனை மணிக்கு என்று ரெங்கம்மாள் அக்காதான் கேட்டாள்.