எதிரணிக்கும் பாதி மைதானம்

மைதானத்தின் இருக்கை வரைபடம் ஒன்று எங்கள் சைனிக்புரி வீட்டுச் சாப்பாட்டு மேசையை முழுதாக அடைத்துக்கொண்டு கிடந்த அந்தக் காலைதான் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறது. தட்டு வைக்க இடமில்லாமல் என் கணவர் ஜன்னலோரம் நின்றபடியே உப்புமா சாப்பிட்டார். வரைபடத்தில் பன்னிரண்டாயிரம் இருக்கைகள். அதில் வடகிழக்கு மூலையில் ஓராயிரத்தை மட்டும் சிவப்புப் பென்சிலால் தீட்டியிருந்தேன். கால்பந்துக் கோப்பையின் இறுதியாட்டத்துக்கு டிக்கெட் விற்கும் நிறுவனத்தில் எனக்கு வேலை. எந்த அணியின் ரசிகர்களுக்கு எத்தனை இருக்கை என்ற பட்டியலைத் தயாரிப்பது என் பொறுப்பு. போட்டி நடத்தும் குழு சொன்னபடிதான் தீட்டியிருந்தேன். சிவப்பு, கோயம்புத்தூரிலிருந்து வரும் எதிரணி ரசிகர்களுக்கு. மற்றதெல்லாம் எங்கள் ஹைதராபாத் அணியின் ஆட்களுக்கு. அன்று வீட்டுக்கு வந்திருந்த என் நாத்தனார், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு குனிந்து, அந்தச் சிவப்பின் மேல் விரலை வைத்தார். "இங்க உக்காந்தா பாதி கிரவுண்டு தெரியாது. கைக்கு அவங்களுக்கு இந்த மூலை?" என்றார். 'ஏன்' என்று கேட்கும் இடத்தில் அவர் வாயில் 'கைக்கு'தான் வரும். வெள்ளைக்காரன் காலத்தில் செகந்திராபாத்துக்கு வந்து சேர்ந்த தமிழ்க் குடும்பம் அவர்களுடையது. நான் கல்யாணமாகி வந்தபோது அந்தத் தமிழைப் புரிந்துகொள்ளவே எனக்கு ஆறு மாதம் ஆயிற்று.

நாத்தனாருக்கு ஜீடிமெட்லாவில் ஒரு மருந்துத் தொழிற்சாலையில் தரப் பரிசோதனை வேலை. வாரத்தில் ஆறு நாள் வெள்ளைக் கோட்டு, தலையில் வலைத்தொப்பி. ஏழாவது நாள் எங்கள் அணியின் மஞ்சள் பனியன். உள்ளூர் ரசிகர் மன்றத்துக்கு அவர்தான் தலைவர். ஐம்பது வயதுப் பெண்மணி ஒருவர், கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போன முந்நூறு ஆண்களையும் பெண்களையும் கட்டி மேய்ப்பதை நான் பல ஆட்டங்களில் பார்த்திருக்கிறேன். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. மாத்திரையைச் சோதிப்பவர் போல ஆளை ஒரு பார்வை பார்ப்பார். அது போதும்.

அதற்கு முந்தைய ஆண்டு இதே இரண்டு அணிகள் கோயம்புத்தூரில் இறுதியாட்டம் ஆடின. ரயிலேறிப் போன எங்கள் ஊர்க்காரர்கள் முந்நூறு பேர். கிடைத்தவை அறுபது டிக்கெட். நாத்தனார் தனக்கு வந்ததை மன்றத்தின் செயலாளருக்குக் கொடுத்துவிட்டு, உள்ளே போக முடியாதவர்களோடு வெளியிலேயே நின்றார். மைதானச் சுவரை ஒட்டி நின்று ஆளுக்கொரு கைப்பேசியில் ஆட்டத்தைப் பார்த்தார்களாம். படம் வந்து சேரத் தாமதமாகும். சுவருக்கு அந்தப் பக்கம் ஊரே அலறும். இவர்கள் கையிலிருக்கும் திரையிலோ பந்து இன்னும் நடு மைதானத்திலேயே உருண்டுகொண்டிருக்கும். "கோல் போட்டாச்சுன்னு தெரிஞ்சப்புறம் அந்தக் கோலைப் பாக்கணும். அது மாதிரி ஒரு கொடுமை இல்ல" என்று பிறகு பலமுறை சொல்லியிருக்கிறார். அன்று நாங்கள் தோற்றோம்.

அதனால்தான் இந்த முறை எல்லோருக்கும் ஒரே எண்ணம். அவர்கள் செய்ததை அவர்களுக்கே செய்ய வேண்டும். போட்டிக் குழுவுக்கும் அது வசதியாகவே இருந்தது. உள்ளூர்க் கூட்டத்துக்கே டிக்கெட் எல்லாம் விற்றுப்போய்விடும். ரசிகர் மன்றத்தின் ஒப்புதல் மட்டும்தான் பாக்கி.

வரைபடத்தைப் பார்த்த இரண்டாம் நாள் நாத்தனாருக்கு ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. நானும் பக்கத்தில் இருந்தேன். பேசியவர் கோயம்புத்தூர் ரசிகர்களின் தலைவர். பம்புசெட் பட்டறை வைத்திருப்பவர். "போன வருசம் உங்க ஆளுகளுக்கு நடந்தது தப்புங்க அக்கா. நாங்க அப்பவே கேட்டிருக்கோணும், கேக்கல. இப்ப எங்கூர்ல நாலாயிரம் பேருக்கு மேல கெளம்பி நிக்கறாங்க. எப்படிக் கேக்கறதுன்னே தெரியலீங்க" என்றார். நாத்தனார், "ஆளுங்களை ரயிலுக்கு புக் பண்ணச் சொல்லுங்க" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

பங்கீட்டை முடிவு செய்யும் கூட்டம் கச்சிபௌலியில், பதினோராம் மாடியில் எங்கள் அலுவலகத்தில் நடந்தது. குழுவின் அதிகாரி, கையெழுத்துக்காகப் பேனாவைக்கூட எடுத்து நாத்தனார் முன்னால் வைத்துவிட்டார். நாத்தனார் அதைத் தொடவில்லை. ரெண்டு பக்கத்துக்கும் ஐயாயிரம் ஐயாயிரம், எதிரெதிர்ப் பக்கம், தனித்தனி வாசல். மீதி இரண்டாயிரம் பொதுமக்களுக்குக் குலுக்கலில் என்றார். அதிகாரிக்குக் காதில் சரியாக விழவில்லையோ என்று நினைத்தேன். தன் ஆட்களுக்கு வருவதைத் தானே குறைக்கச் சொல்லும் ஒருவரை அவர் அதுவரை பார்த்திருக்க மாட்டார். அப்போதுதான் மன்றத்தின் செயலாளர் எழுந்து, "மீரு தமிழ் கதா அக்கா, அந்துகே" என்றார். நீங்கள் தமிழ்க்காரி, அதனால்தான் அவர்களுக்கு அள்ளிக் கொடுக்கிறீர்கள் என்று அர்த்தம்.

நாத்தனாரின் முகம் ஒரு கணம் வெளுத்துப் போனது. பிறந்ததிலிருந்து இந்த ஊர் அணியைத் தவிர வேறொன்றுக்குக் கை தட்டாதவர். செயலாளருக்குத் தெலுங்கிலேயே பதில் சொன்னார்; நிதானமாக. "போன வருஷம் அங்க வாசல்ல நின்னேனே, தமிழ்க்காரின்னு என்னை யாராவது உள்ள விட்டாங்களா?" செயலாளர் உட்கார்ந்துவிட்டார்.

அன்று மாலை என் மேலாளர் என்னைத் தனியே அழைத்தார். மன்றத் தலைவர் என் உறவுக்காரர் என்பது எனக்குத் தொந்தரவாக முடியலாம் என்று நயமாகச் சொன்னார். பயமாகத்தான் இருந்தது. வீட்டுக் கடன் இருந்தது, வேலை வேண்டியிருந்தது. ஆனாலும் என் இருக்கைக்குத் திரும்பிப் போய், சம பங்குதான் நியாயம், போலீஸும் தனி வாசல் இருந்தால் சம்மதிக்கிறார்கள் என்று குழுவுக்குப் பரிந்துரை எழுதி என் பெயரில் கையெழுத்திட்டேன். உறவு என்ன என்பதையும் முதல் வரியிலேயே எழுதினேன். மறைக்க ஒன்றுமில்லை என்று தோன்றியபின் அன்றே அனுப்பிவிட்டேன்.

குழு ஒரு நிபந்தனை போட்டது. மன்றமே வாக்களித்துச் சம்மதிக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலை, பள்ளிக்கூட மைதானம் ஒன்றில் எல்லோரும் கூடினார்கள். பாதிப் பேர் கோபமாகத்தான் வந்திருந்தார்கள். நாத்தனார் பேச்சு எதையும் தயாரித்துக்கொண்டு வரவில்லை. "போன வருஷம் வெளிய நின்னவங்க மட்டும் முதல்ல கை தூக்குங்க. கோயம்புத்தூர் ஆளுங்களுக்கும் அதே வேணுமா, சொல்லுங்க" என்றார். முதலில் ஒரு கை எழுந்து, "வேண்டாம்க்கா" என்றது. அப்புறம் பத்து, நூறு. வெளியே நின்ற இருநூற்று நாற்பது பேரில் ஒருவர்கூட வேண்டும் என்று சொல்லவில்லை. உள்ளே போயிருந்தவர்கள்தான் தயங்கினார்கள். கடைசியாகச் சம பங்குக்குச் சம்மதம் என்று கை தூக்கியவர் செயலாளர். போன வருஷம் தான் உள்ளே போன டிக்கெட் யாருடையது என்பது அவருக்குத் தெரியும்.

இறுதியாட்டத்தன்று பிற்பகல் மூன்று மணிக்கே கோயம்புத்தூர் நீலம் ஒரு பக்கமும் எங்கள் மஞ்சள் எதிர்ப்பக்கமுமாக மைதானம் இரண்டாக ஏறக்குறைய நிரம்பிவிட்டது. பத்து வருடம் இந்தத் தொழிலில் இருந்தும் அப்படி ஒரு சத்தத்தை நான் கேட்டதில்லை. ஒரு பக்கம் பாட, அதற்கு மறு பக்கம் பதில் பாட, நடுவே விளையாடியவர்களின் கால்கள் வழக்கத்தைவிட வேகமாக ஓடின. நாத்தனார் எதிரணி வாசலில் கடைசி ஆள் உள்ளே போகும்வரை நின்றார். அதற்குள் கோயம்புத்தூர் முதல் கோலைப் போட்டுவிட்டது. அவர் மூச்சிரைக்கப் படியேறி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தபோது ஸ்கோர் பலகையைப் பார்த்துவிட்டு, "ஹவ், நெஜமாவா, போட்டானுங்களா" என்றார். இரண்டாம் பாதியில் நாங்கள் சமன் செய்தோம். கூடுதல் நேரம் முடிய நான்கு நிமிடம் இருக்கையில் எங்கள் இடதுபக்க ஆட்டக்காரர் தலையால் முட்டிய பந்து வலைக்குள் போனது. நான் எழுந்து நின்றது நினைவிருக்கிறது; அதற்குப் பிறகு நாத்தனார் என் தோளைப் பிடித்து உலுக்கியதுதான் நினைவிருக்கிறது. அவர் கத்தினார். முதல்முறையாக அவர் குரல் உயர்ந்ததைக் கேட்டேன்.

நாத்தனாரும் நானும் கீழே மைதானத்துக்கு இறங்கிப் போனோம். எங்கள் ஆட்டக்காரர்கள் கோப்பையைத் தூக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்றி வந்தார்கள். நீலப் பக்கத்தை நெருங்கியதும் தயங்கி நின்றார்கள். அந்த ஐயாயிரம் பேரும் போகவில்லை. எழுந்து நின்று கை தட்டினார்கள். பட்டறைக்காரர் தடுப்புக் கம்பி வரை இறங்கி வந்து, அழுத கண்ணோடு நாத்தனாரின் கையைப் பிடித்துக்கொண்டு, "ஜெயிச்சிட்டீங்க அக்கா. வயிறு எரியுதுங்க. ஆனா பாத்துட்டமுங்க, கண்ணால பாத்துட்டம்" என்றார். நாத்தனார் சிரித்தார். "எதிர்ல ஆளே இல்லாம ஜெயிச்சா யாருகிட்ட காட்டறது" என்றார்.

இப்போது சம பங்கு அந்தக் கோப்பையின் விதிமுறையிலேயே அச்சாகிவிட்டது. புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்கள் அதை என்றைக்கும் இருந்துவரும் வழக்கம் போலப் படித்துக்கொண்டு போகிறார்கள். இறுதியாட்டம் எந்த ஊரில் நடந்தாலும் என் பட்டியலில் இரண்டு நிறமும் ஒரே அளவுதான். விதியை அச்சிட்ட ஆண்டு, அதன் கீழே நாத்தனாரின் பெயரைப் போடலாமா என்று குழுவில் என்னிடம் கேட்டார்கள். அவரிடம் போய்க் கேட்டேன். ஜீடிமெட்லாவிலிருந்து அப்போதுதான் வந்து காலைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"நக்கோ, வேண்டாம்" என்றார். "பேரு போட்டா அதுக்கும் சண்டை வரும். ரெண்டு பக்கத்துக்கும் சமமா சீட்டு போட்டாப் போதும்."