இன்னாசிக்கு வைக்காத பூசை

நம்பாதவர்கள் தாராளமாகச் சிரித்துக்கொள்ளுங்கள், எனக்கு ஒன்றும் நட்டமில்லை. இது தங்கச்சிமடத்துச் சந்தியாகுவுக்கு நடந்தது. அவனே அழுதுகொண்டு என்னிடம் சொன்னது. நாள், 1957 நவம்பர் 2, கல்லறைத் திருநாள். நேரம், சாயங்காலம் நாலு பத்து. இடம், பிரான்சு தேசத்தில் ஒரு பழைய மாதா கோயில்.

சந்தியாகுவுக்கு ஒரே தம்பி, இன்னாசி. அண்ணன் பிரான்சுக்குப் படிக்கப் போனதும், வீட்டைப் பார்க்க ஆள் வேண்டுமே என்று தம்பி சங்கு குளிக்கப் போனான். ஒருநாள் மூழ்கியவன் மேலே வரவில்லை. உடலும் கிடைக்கவில்லை. ஆத்தா வாத்தியாரை வைத்துக் கடிதம் எழுதினாள்.

“அங்கன ரொம்பப் பழைய கோயில்லாம் இருக்காம்ல. தம்பி பேரச் சொல்லி ஒரு பூசை வையிய்யா. குழி இல்லாத புள்ள, அலையுறான்.”

சந்தியாகு இருந்த ஊரில் எண்ணூறு வருஷத்துக் கோயில் ஒன்று இருந்தது. அறையிலிருந்து ஐந்து நிமிஷ நடை. ஞாயிறு தவறாமல் அங்கேதான் பூசை கண்டான். ஆனால் சாமியாரிடம் போய் ஒரு வார்த்தை கேட்க அவனுக்குத் துப்பில்லை. பிரெஞ்சு தடுமாறுது, பரீட்சை வருது, அடுத்த வாரம் பார்ப்போம்... இப்படியே ஏழு மாதம் ஓடியது. கடைசியில் “பூசை வைத்துவிட்டேன்” என்று ஊருக்கு எழுதிப் போட்டுவிட்டான். அடப்பாவி!

கல்லறைத் திருநாளன்று மனசு அறுத்தது. அன்றைக்கு நாலரைப் பூசையில் இறந்தவர்கள் பெயரை எல்லாம் வாசிப்பார்கள். தம்பி பெயரை ஒரு சீட்டில் எழுதி, சட்டைப்பையில் வைத்துக்கொண்டு முன்னதாகவே போனான். இன்றைக்காவது கொடுத்துவிட வேண்டும்.

கோயிலுக்குள் ஆளரவம் இல்லை. தீர்த்தத் தொட்டியில் விரலை நனைத்துச் சிலுவை போட்டு, நம் வழக்கப்படி விரலை முத்தமிட்டான். உதட்டில் கரித்தது. கடல்தண்ணீர் மாதிரி.

கல்தரையில் ஈரக் காலடிகள். வெறுங்கால். நாம் செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் கோயிலுக்குள் போவோம். அங்கே எல்லாரும் பூட்சோடு நுழைவார்கள். சந்தியாகுவுக்கு முதலில் சந்தோஷம்தான்... யாரோ நம்மூர்க்காரன்!

காலடிகள் மூன்றாவது பெஞ்சுவரை போயின. அங்கே ஒருவன் முழங்காலில் நின்றான். மேலே சட்டை இல்லை. அந்தக் குளிரில்!

சொட்... சொட்... சொட்...

முதுகில் ஒரு தழும்பு. சின்ன வயசில் தூண்டில் முள் கிழித்தது. தூண்டிலை வீசியவன் சந்தியாகு.

முழங்காலில் நின்றவன் திரும்பவில்லை. குரல் மட்டும் வந்தது.

“அண்ணே... எம்பேர எப்ப வாசிப்பாக?”

சந்தியாகு ஓடினான்!

சீட்டு பையிலேயே இருந்தது. அப்புறம் அந்தக் கோயில் பக்கம் அவன் தலைவைத்துப் படுக்கவில்லை. வேறு கோயிலில் கேட்கவும் வாய் வரவில்லை. பொய் சொன்ன வாயாயிற்றே.

1959-ல் ஊர் திரும்பினான். ஆத்தா நண்டுக் குழம்பை ஊற்றிக்கொண்டே சொன்னாள்.

“செத்ததுலருந்து ஒந்தம்பி தெனம் விடியக்காலம் வாசல்ல வந்து நிப்பான்யா, தண்ணி சொட்டச் சொட்ட. ஒன் கடுதாசி வந்த மறுநா நாந்தான் சொன்னேன். ‘ஒங்கண்ணன் அங்கன ஒனக்குப் பூசை வச்சிருக்கான், போய்க் கண்டுக்கய்யா’ன்னேன். சரின்னு தலையாட்டிட்டுப் போனான்.”

“என்னைக்கு ஆத்தா?”

“கல்லறைத் திருநாளு. அன்னையிலருந்து வரவேயில்ல. எம்புள்ள மோட்சத்துக்குப் போயிட்டான்.”

ஆத்தா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். சந்தியாகு சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்தான்.

எந்த மோட்சம்? அந்த மூன்றாவது பெஞ்சில், யாரும் வாசிக்காத பெயருக்காக, தம்பி இன்னும் முழங்காலில் நிற்கிறான்.